கண்ணாடி விரியன் சொன்ன சாட்சி

அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டிருந்தது: ரியாக்டிவ். பக்கத்தில் 1:4 என்று ஓர் எண். மேலே என் அக்கா மகளின் பெயர், வயது 27, பரிசோதனையின் பெயர் வி.டி.ஆர்.எல்.

2018-ல், விசாகப்பட்டினத்தில் நடந்தது. கணவர் உருக்காலையில் என்ஜினீயர். முந்தைய ஆண்டு முதல் கர்ப்பம் ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது. இது இரண்டாவது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல்.லும் ஒன்று. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை. ரிப்போர்ட்டை நீட்டிய லேப் ஊழியர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கணவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. அது யாருக்கும் நிம்மதி தரவில்லை. சந்தேகம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியதுதான் மிச்சம். வீட்டில் அவளுக்கென்று தனி டம்ளர் ஒதுக்கப்பட்டது.

"மாமா, நான் என்ன பண்ணினேன்னு இவங்கள்லாம் இப்படிப் பாக்கறாங்க?" என்று போனில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நான்கு நாள் கழித்து டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையின் முடிவு வந்தது. சிபிலிஸ் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடும் சோதனை அது. இல்லை என்று சொன்னது. தனி டம்ளர் மற்ற டம்ளர்களோடு போய்ச் சேர்ந்தது. 'சும்மா ஏதோ தப்பான ரிப்போர்ட்' என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஒன்பதாவது வாரத்தில் அந்தக் கர்ப்பமும் கலைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த 'சும்மா' என்ற வார்த்தைதான்.

ஏன் தப்பாக வந்தது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. 1906-ல் ஜெர்மனியில் வாசர்மன் தன் சகாக்களோடு சேர்ந்து சிபிலிஸுக்கு முதல் ரத்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தார். அந்த நோயால் இறந்து பிறந்த சிசுக்களின் ஈரலிலிருந்து எடுத்த சாறுதான் அவர் பயன்படுத்திய பொருள். நோயாளியின் ரத்தம் அதில் உள்ள கிருமியைத்தான் அடையாளம் காண்கிறது என்று நினைத்தார்கள். சில வருடங்களுக்குள் ஒரு வேடிக்கை தெரிந்தது. நோயே இல்லாத மாட்டின் இதயத்துச் சாற்றிலும் சோதனை அதே மாதிரி வேலை செய்தது! அடையாளம் காணப்பட்டது கிருமி அல்ல, ஏதோ ஒரு கொழுப்பு. 1941-ல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி அந்தக் கொழுப்பை மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். இதயத்திலிருந்து வந்ததால் கார்டியோலிபின் என்று பெயர். பாஸ்போலிப்பிட் வகையைச் சேர்ந்தது. இன்றைய வி.டி.ஆர்.எல். சோதனையிலும் அதுதான் இருக்கிறது.

எனவே, இந்தச் சோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்தால் அதன் நேரடி அர்த்தம், இவருடைய ரத்தத்தில் கார்டியோலிபினோடு வினைபுரியும் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது மட்டுமே. சிபிலிஸ் நோயாளிகளுக்கு அது இருக்கும். வேறு சிலருக்கும் இருக்கும். சில தொற்றுகளுக்குப் பின் கொஞ்ச நாள் வந்து போகலாம். கர்ப்ப காலத்திலேயே தற்காலிகமாக எட்டிப் பார்க்கலாம். ஆனால் நோயே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் 'ரியாக்டிவ்' என்று வந்துகொண்டிருந்தவர்களை மூரும் மோரும் 1952-ல் ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்கு லூபஸ் போன்ற நோய்கள் தலைகாட்டின. உடலின் பாதுகாப்புப் படை சொந்த உடலையே தாக்கும் நோய்கள் இவை.

கதையின் அடுத்த கட்டம் 2019 அக்டோபர். மூன்றாவது கர்ப்பம் ஐந்தாவது மாதத்தைத் தொட்டிருந்தது. ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரமாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏ.பி.டி.டி. என்ற உறைநேரம் 58 விநாடி. அந்த லேபின் கணக்குப்படி 36-க்குள் இருக்க வேண்டும். ரத்தம் உறைய நேரம் ஆகிறது என்றால் ரத்தப்போக்கு நிற்காது என்றுதானே நமக்கும் தோன்றும்? அங்கிருந்தவர்களுக்கும் அதுவே தோன்றியது. இரண்டு பை பிளாஸ்மா ஏற்றினார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் இப்படி எழுதிக் கொடுத்தார்கள்: 'ரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். ஆஸ்பிரின் கூடாது.'

சொந்தக்காரர்கள் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். சர்ப்ப தோஷம். காளஹஸ்திக்குப் போய் ராகு கேது பரிகாரம் செய்துவிட்டு வந்தார்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. மூன்று குழந்தைகளை இழந்த பெண்ணுக்கு எங்கேயாவது நிம்மதி கிடைத்தால் அதைப் பிடுங்க நான் யார்? என் மனதில் முள்ளாகக் குத்தியது வேறு ஒன்று. தோஷம் யாருடைய ஜாதகத்தில் என்ற கேள்விக்கும் பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது.

2020 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரத்தநோய் நிபுணர் ஒருவரிடம் ஃபைலை எடுத்துக்கொண்டு போனாள். அவர் முதலில் எடுத்தது 58 விநாடிக் காகிதத்தை. அடுத்து, 'உனக்குப் பல் பிடுங்கியிருக்கிறார்களா? ரத்தம் நிற்காமல் வந்ததா?' என்று கேட்டார். பிடுங்கியிருக்கிறார்கள், உடனே நின்றுவிட்டது. மாதவிலக்கின்போது அதிகப் போக்கு உண்டா? இல்லை. 'வி.டி.ஆர்.எல். எப்போதாவது ரியாக்டிவ் என்று வந்திருக்கிறதா?' அவள் தலைகுனிந்தாள். இதைப் பற்றி யாராவது கேட்பார்களோ என்று பயந்தே அந்தக் காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். 'அம்மா, நான் தேடுவதே அந்தக் காகிதத்தைத்தான்' என்றாராம் அந்த டாக்டர்.

அவர் சந்தேகப்பட்டது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். 1952-ல் கான்லி, ஹார்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் உறைதலைத் தாமதப்படுத்தும் ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்தார்கள். 1963-ல் இன்னொரு குழு விசித்திரமான விஷயத்தைக் கவனித்தது. சோதனைக் குழாயில் உறையத் தாமதிக்கும் இந்த ரத்தம், உடலுக்குள் வேண்டாத இடங்களில் உறைந்து கட்டியாகிறது. இருந்தும் 1972-ல் அதற்கு வைத்த பெயர் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்'. அதாவது, லூபஸ் நோயின் உறைவுத் தடுப்பான். இரண்டுமே பொருந்தாத பெயர். இது இருப்பவர்களில் பலருக்கு லூபஸ் கிடையாது. உடலுக்குள் இது உறைவைத் தடுப்பதும் இல்லை. 1983-ல் லண்டனில் கிரகாம் ஹியூஸும் அவரது குழுவினரும் ரத்தக்கட்டி, மூளைத் தாக்கு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, இந்த எதிர்ப்பொருள்கள் ஆகிய அனைத்தையும் ஒரே நோயின் முகங்களாகக் கோத்துக் காட்டினார்கள். கார்டியோலிபின் எதிர்ப்பொருளை நேரடியாக அளக்கும் சோதனையும் அதே ஆண்டில் வந்தது. இந்த எதிர்ப்பொருள்களின் உண்மையான குறி வெறும் கொழுப்பு அல்ல, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் என்பது 1990 வாக்கில் தெரிந்தது.

குழாயில் ஒன்று, உடலில் அதற்கு நேர் எதிர். எப்படி? ரத்தம் உறைய வேண்டுமானால் உறைபொருள்கள் வந்து உட்கார ஒரு பாஸ்போலிப்பிட் திண்ணை வேண்டும். குழாயில் அந்தத் திண்ணையை எதிர்ப்பொருள்கள் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. உறைபொருளுக்கு இடம் இல்லை, தாமதமாகிறது. உடலுக்குள் இதே எதிர்ப்பொருள்கள் ரத்தக்குழாயின் உட்சுவரையும் பிளேட்லெட் அணுக்களையும் உசுப்பிவிடுகின்றன. கட்டி உண்டாகிறது. நஞ்சுக்கொடியில் அழற்சியும் சேர்ந்துகொள்ள, கரு தாங்குவதில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையில்தான் பாம்பு வருகிறது. 1780-களில் இதே விசாகப்பட்டினத்தில் வசித்த ஸ்காட்லாந்து டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்து 1796-ல் புத்தகம் போட்டார். நாம் கண்ணாடி விரியன் என்றும் தெலுங்கர்கள் ரக்த பிஞ்சரி என்றும் சொல்லும் பாம்புக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். கடித்தால் உடலின் உறைபொருள்கள் முழுவதையும் விஷம் செலவழித்துத் தீர்த்துவிடும். அப்புறம் ரத்தம் உறையவே உறையாது. இந்த விஷத்தை நீர்க்கச் செய்தால் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தாகும் என்று 1934-ல் மக்ஃபர்லேன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஹீமோபிலியா நோயாளிகளிடம் காட்டினார். 1986-ல் பெருமாள் தியாகராஜன், பெங்கோ, ஷாபிரோ ஆகிய மூவர் அதே விஷத்தை வைத்து லூபஸ் ஆன்டிகோயாகுலன்டைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் லேப்களில் டி.ஆர்.வி.வி.டி. என்று அழைக்கப்படுவது அதுதான். நடுவில் உள்ள 'ஆர்.வி.' ரஸ்ஸலின் விரியன்.

விஷயம் இதுதான். ரத்தம் உறைவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கதவுகள் திறக்க வேண்டும். விரியன் விஷம் முன்கதவுகளைத் தாண்டி நேராகப் பத்தாம் எண் உறைபொருளைத் தட்டி எழுப்புகிறது. சோதனை மூன்று படியில் நடக்கிறது. முதல் படியில், பாஸ்போலிப்பிடைக் குறைவாக வைத்து, விஷத்தைச் சேர்த்து, பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டாம் படியில், நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலக்கிறார்கள். ஏதோ உறைபொருள் குறைவதுதான் கோளாறு என்றால், கலந்ததும் நேரம் சரியாகிவிடும். சரியாகவில்லையா? ஏதோ ஒன்று தடுக்கிறது. மூன்றாம் படியில் பாஸ்போலிப்பிடை அள்ளிக் கொட்டுகிறார்கள். திண்ணை பெரிதானதும் ஆக்கிரமிப்பு எடுபடாமல் போய் நேரம் குறைந்தால், குற்றவாளி யார் என்று உறுதி. இதனுடன் கார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களைத் தனியே அளக்க வேண்டும். ஒன்றில் தப்பித்தது இன்னொன்றில் அகப்படும். மூன்றும் பாசிட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. நடப்பதோ வேறு. விசாகப்பட்டினத்தில் அவளிடம் முதலில் எடுத்த ரத்தம், பிரித்தெடுக்கப்படாமல் அப்படியே கூரியரில் வெளியூர் போனது. மறுநாள் சோதித்து 'இல்லை' என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். ஹைதராபாத் டாக்டர் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்துவிட்டு, 'நேரில் வா' என்றார். இரவு கோதாவரி எக்ஸ்பிரஸில் ஏறிப் போனாள்.

அவர் ஏன் நம்பவில்லை? நீல மூடி போட்ட குழாயில் சிட்ரேட் திரவம் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும். குழாய் அரைகுறையாக நிரம்பினால் விநாடிக் கணக்கு தப்பிவிடும். எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். அதுவும் இரண்டு முறை சுழற்றி, பிளேட்லெட்டுகளை முடிந்தவரை நீக்க வேண்டும். மிஞ்சும் பிளேட்லெட்டுகள் உடைந்து தங்கள் பாஸ்போலிப்பிடைக் கொட்டினால், எதிர்ப்பொருள் அதில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். ஹெபாரின், வார்ஃபரின், ரிவராக்சபான் போன்ற மருந்துகளைச் சாப்பிடுபவர்களிடம் உறைநேரச் சோதனை தப்பான முடிவு தரலாம். அதற்காக மருந்தை யாரும் தானாக நிறுத்திவிடக்கூடாது. லேபுக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்தக்கட்டி வந்து படுத்திருக்கும் நாட்களில் எடுத்த முடிவையும் முழுதாக நம்ப முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான நிபந்தனை: ஒரு தடவை பாசிட்டிவ் என்று வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி சோதித்து, அப்போதும் இருந்தால்தான் கணக்கு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வந்து போகிற எதிர்ப்பொருளை ஆயுள் நோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்காக. அவளுக்கு ஜனவரியில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ், கார்டியோலிபின் எதிர்ப்பொருள் 62 யூனிட். (40-க்கு மேல் போனால்தான் பொருட்படுத்துகிறார்கள்.) மறுசோதனை ஏப்ரலில். ஆனால் மார்ச் 25 அன்று நாடே பூட்டிக்கொண்டது. ஜூன் மாதம்தான் போக முடிந்தது. முடிவு மாறவில்லை.

'மூணு வருஷமா எனக்கு வியாதி இருக்குன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன் மாமா' என்று அன்று சொன்னாள். வியாதி என்று கேட்டு ஒரு பெண் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வியாதி என்றால் வைத்தியம் உண்டு. ராசியில்லாதவள் என்ற பெயருக்கு வைத்தியம் ஏது?

வைத்தியம் என்ன தெரியுமா? 'கூடாது' என்று எழுதிக் கொடுத்தார்களே, அதே ஆஸ்பிரின், குறைந்த அளவில். அதோடு தினமும் வயிற்றுத் தோலில் ஒரு ஹெபாரின் ஊசி. 1997-ல் லண்டனில் இந்த நோயும் தொடர் கருச்சிதைவும் உள்ள 90 பெண்களிடம் நடத்திய ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும் இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை உயிரோடு பிறந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் இன்றுவரை இதுதான் அடிப்படைச் சிகிச்சை. ஏற்கனவே ரத்தக்கட்டி வந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு நீண்ட காலம் வார்ஃபரின். கர்ப்பம் என்றால் அது குழந்தைக்கு ஆகாது, ஹெபாரினுக்கு மாற வேண்டும். புதிய மாத்திரைகள் வசதியானவை என்றாலும் மூன்று சோதனையும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு ஏற்றவை அல்ல. ரிவராக்சபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வை, ரிவராக்சபான் தரப்பில் கட்டிகள் அதிகம் வந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2018-ல் வெளியாயின.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் லேபுக்கு ஓட வேண்டாம். ஆரோக்கியமானவர்களில் சிலருக்கும் இந்த எதிர்ப்பொருள் லேசாக இருக்கும். ஒரே ஒரு தடவை, ஆரம்ப வாரங்களில் கரு கலைவது சகஜம். அதற்கு இந்தச் சோதனை தேவையில்லை. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். கருச்சிதைவு என்றாலே 'டார்ச்' என்று ஒரு கத்தைச் சோதனைகளை எழுதும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்தக் காசு வீண். அதே மாதிரி, ஒரே ஒரு பலவீனமான பாசிட்டிவை வைத்து ஒன்பது மாதமும் ஊசி குத்துவதும் தவறு. பணம் போவதோடு எலும்புக்கும் கேடு.

யாருக்குத் தேவை? மீண்டும் மீண்டும் கரு கலைகிறவர்கள். பத்து வாரத்துக்குப் பிறகு, உருவத்தில் குறையில்லாத குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்தவர்கள். கடுமையான ரத்த அழுத்தத்தாலோ நஞ்சுக்கொடிக் கோளாறாலோ 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனவர்கள். ஐம்பது வயதுக்குள் காரணமில்லாமல் பக்கவாதமோ காலில் ரத்தக்கட்டியோ வந்தவர்கள். ஆண்களும் இதில் அடக்கம். உறைநேரம் நீண்டிருந்தும் ரத்தப்போக்கு இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய் உறுதியானவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தொடக் கூடாது.

லேப்காரர்களிடமும் டாக்டர்களிடமும் ஒரு கோரிக்கை. வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்ற காகிதத்தைத் தனியாகக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். உறுதிப்படுத்தும் சோதனையையும் முடித்துவிட்டுப் பேசுங்கள். அது 'இல்லை' என்று வந்தால், அதோடு விட்டுவிடாமல் அந்தப் பெண்ணிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை தடவை கரு தங்கியது? எத்தனை தடவை போனது? இரண்டு கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆகும். எங்கள் வீட்டில் அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததால் போனது ஐந்து மாதக் குழந்தை.

2022-ல் 37-வது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2.4 கிலோ. ஊசி போட்டுப் போட்டு வயிறு முழுவதும் நீலம் பாரித்திருந்தது என்றாள் அக்கா. பிரசவத்துக்குப் பின்னும் ஆறு வாரம் ஊசி தொடர்ந்தது. பேர் வைக்கும் நாளில் சம்பந்தியம்மா, 'காளஹஸ்தி சாமி கண் திறந்தார்' என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் அக்கா மகள்தான் சொன்னாள்: 'ஆமாம் அத்தை. பாம்பும் எனக்காகச் சாட்சி சொல்லுச்சு.'

சம்பந்தியம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. குழந்தையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். 2018-ன் அந்தச் சிவப்பு மைக் காகிதம் இப்போது ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது. எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் அவளே அதை எடுத்து நீட்டுகிறாள்.